பெயரும் எண்ணும்

செகந்திராபாத்தில் குடியேறிய தமிழர் இல்லங்களில், ஞாயிறு மாலை என்பது ஊரிலுள்ள பெரியோருடன் முகம் பார்த்துப் பேசும் வேளையாகும். அவ்வேளையில் இணையம் நின்றுவிட்டால் நமக்கு உண்டாகும் தவிப்பைச் சொல்ல வேண்டுவதில்லை. ரூட்டரை அணைக்கிறோம், போடுகிறோம். பயனில்லையேல் கம்பெனிக்காரரைக் கடிந்துகொள்கிறோம். நோய் எங்கே என்று அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பானது இது.

முதலில் ரூட்டரின் விளக்குகளைப் பார்த்தல் வேண்டும். கண்ணாடி இழை இணைப்புள்ள வீடுகளில் 'எல்.ஓ.எஸ்.' என்ற விளக்கு சிவப்பாக எரியுமாயின், இழை வழியே ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். இழை கழன்றோ மடங்கியோ இருக்கிறதா என்று நோக்கிவிட்டுப் புகார் கொடுப்பதே தக்கது. இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுசெல்லலாகாது.

விளக்குகள் சரியாக இருந்தும் தளங்கள் திறக்காவிடில் என் செய்வது? இணையத்தில் எண்ணே விலாசம். நாமோ பெயரையே நினைவில் வைக்கிறோம். செகந்திராபாத் ரயில் நிலையத்தில் இறங்கிய ஒருவர் நண்பரின் பெயரை மட்டும் சொன்னால், ஆட்டோக்காரர் எங்கே அழைத்துச் செல்வார்? தெருவும் கதவு எண்ணும் வேண்டுமன்றோ? பெயரைக் கேட்டு எண்ணைச் சொல்லும் ஏற்பாட்டுக்கே டி.என்.எஸ். என்று பெயர். 1983-இல் இதனை வகுத்தவர் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர். இவ்வேற்பாட்டை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு, 2016 நவம்பரில் நமது ஹைதராபாத்திலேயே கூடியது.

சோதனை எளிது. உலாவியில் 1.1.1.1 என்று எண்ணையே இட்டுப் பார்க்கலாம். அப்பக்கம் திறந்து, பெயரால் தேடும் தளங்கள் மட்டும் திறக்காவிடில், பாதை நன்றாயிருக்கிறது. விலாசம் சொல்பவரே வாய் திறக்கவில்லை. ரூட்டர் அமைப்பில் டி.என்.எஸ். என்ற இடத்தில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று இட்டால் பெரும்பாலும் குறை தீரும். எண்ணும் திறக்காவிடில், ரூட்டரை அணைத்துச் சற்றுப் பொறுத்துப் போட வேண்டும். அதற்கும் இணங்காவிடில் புகார் கொடுக்க வேண்டியதுதான்.

விலாசம் சொல்பவர் மௌனமாயிருப்பதைவிடப் பொய் சொல்வது கொடிது. 2011-இல் பிடிபட்ட 'டி.என்.எஸ். சேஞ்சர்' கும்பல், சுமார் 40 லட்சம் கணினிகளில் இவ்வெண்களை மாற்றி, மக்களைத் தான் விரும்பிய தளங்களுக்குத் திருப்பிவிட்டது. வங்கியின் பெயரை இடுபவரைப் போலி வாயிலில் நிறுத்தவும் இதே சூது போதும். ஆதலின், ரூட்டருடன் வந்த பொதுக் கடவுச்சொல்லை இன்றே மாற்றுவோம், டி.என்.எஸ். எண்களை ஒரு தாளில் குறித்துவைத்து அவ்வப்போது ஒத்துப் பார்ப்போம். வீட்டுக் கதவைப் பூட்டும் நாம், இந்தச் சிறு வாயிலைத் திறந்துவைப்பது முறையாகுமா?