பழைய கார் வாங்குவோர் சிந்தனைக்கு: நீட்டிக்கப்பட்ட வாரண்டி தேவையா?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முப்பது ஆண்டுகள் வாகனப் பட்டறையில் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். மேடைப் பேச்சு எனக்குப் பழக்கமில்லை. எனினும் அண்மைக்காலமாக நம் மஹல்லாவில் பழைய கார் வாங்கும் குடும்பங்கள் பெருகியுள்ளன. வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்குவோரும் உண்டு. நகையை விற்று வாடகைக் கார் ஓட்ட வாங்குவோரும் உண்டு. அவர்களில் பலர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது என்னை நிறுத்தி, “அண்ணே, கூடுதலாகப் பணம் கட்டினால் ஓராண்டு வாரண்டி தருகிறார்களாம், கட்டலாமா?” என்று கேட்கின்றனர். வாசலில் நின்று ஒரு வரியில் விடை சொல்ல இயலாத கேள்வி இது. எனவேதான் நிர்வாகிகளிடம் அனுமதி பெற்று இங்கு நிற்கின்றேன்.

முதலில் என் தவறையே சொல்லிவிடுகிறேன். 2019-ஆம் ஆண்டு என் மகனுக்காக ஐந்தாண்டுகள் ஓடிய கார் ஒன்றை வாங்கினேன். விற்பனையாளர் கேட்டபடி 16,000 ரூபாய் செலுத்தி ஓராண்டு வாரண்டியும் எடுத்தேன். ஒன்பதாம் மாதத்தில் ஏ.சி. கம்ப்ரசர் பழுதடைந்தது, செலவு 27,000 ரூபாய். வாரண்டி இருக்கிறதே என்ற தைரியத்தில் காரைக் கொண்டுபோய் விட்டேன். “ஆறாம் மாதச் சர்வீஸ் பில் எங்கே?” என்று கேட்டனர். பில் இல்லை. ஏனெனில் அந்தச் சர்வீஸை என் வீட்டு வாசலில் நானே செய்திருந்தேன். அங்கீகரிக்கப்பட்ட பட்டறையில் சர்வீஸ் செய்து பில் வைத்திருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இருந்தது. அவர்கள் மறுத்தது ஒப்பந்தப்படி சரியே. காரை அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்து வாங்கிய நான், கையொப்பமிட்ட தாளைப் படிக்கவில்லை. 43,000 ரூபாய் கொடுத்துக் கற்ற பாடத்தை நீங்கள் இலவசமாகப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

அன்பர்களே! வாகனக் காப்பீடு வேறு, வாரண்டி வேறு என்பதை முதலில் தெளிவாக விளங்கிக்கொள்ள வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி கட்டாயம். விரிவான காப்பீடு எடுத்தால் விபத்து, திருட்டு, வெள்ளம் போன்றவற்றால் ஏற்படும் இழப்பிற்கும் ஈடு கிடைக்கும். இயந்திரம் தானாகப் பழுதடைந்தால் கிடைக்காது. வாரண்டி இதற்கு நேர்மாறானது. உள்ளே இருக்கும் பாகம் தானாகப் பழுதடைந்தால் மட்டுமே அது பேசும்; விபத்திற்கும் வெள்ளத்திற்கும் பொறுப்பேற்காது. பழைய காரை வாங்கியோர் 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வாரண்டிக்குப் பணம் கட்டிவிட்டு இந்தக் கடமையை மறப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து, காருக்கு ஏற்கெனவே வாரண்டி மீதமுள்ளதா என்று பாருங்கள். உதாரணமாக, மாருதி நிறுவனம் 2024 ஜூலை முதல் தன் புதிய கார்களுக்கு 3 ஆண்டுகள் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, வாரண்டி அளிக்கத் தொடங்கியது. தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டி பொதுவாகக் காரோடு சேர்ந்து அடுத்த உரிமையாளருக்கும் செல்லும். முதல் விற்பனைத் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் அந்நிறுவனத்தின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டறியுங்கள். ஏற்கெனவே உள்ள ஒன்றிற்கு இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டியதில்லை. தயாரிப்பு நிறுவனமே தரும் நீட்டிப்பு வேண்டுமெனில், பெரும்பாலும் முதல் வாரண்டி முடிவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவதாக, ஒப்பந்தத்தில் எவையெவை சேராது என்ற பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டயர், பேட்டரி, வைப்பர், பல்பு, ரப்பர் பாகங்கள் ஆகிய தேய்மானப் பொருட்கள் வழக்கமாகச் சேரா. பழைய காரில் நமக்கு அடிக்கடி செலவு வைப்பவை இவையே! வாங்கும்போதே இருந்த குறை சேராது. தண்ணீர் புகுந்த கார் சேராது. ஒரு முறைக்கு இவ்வளவுதான் தருவோம் என்ற உச்சவரம்பும் இருக்கலாம். வாடகைக்கு ஓட்டினால் வாரண்டி செல்லாது என்ற விதியும் பல ஒப்பந்தங்களில் உண்டு. வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்க நினைக்கும் சகோதரர், தனிப்பயன்பாட்டிற்கான வாரண்டிக்குப் பணம் கட்டினால், அந்தப் பணம் கட்டிய அன்றே போயிற்று.

நான்காவதாகக் கணக்கைப் பாருங்கள். என்னைப் போல் நூறு பேர் ஆளுக்கு 16,000 ரூபாய் கட்டினால் 16 லட்சம் ரூபாய் சேரும். அதிலிருந்து விற்பவரின் கமிஷன், வரி, அலுவலகச் செலவு, லாபம் எல்லாம் போக எஞ்சியதுதான் பழுது நீக்கத்திற்கு. ஆகவே நூறு பேரும் சேர்ந்து பெறுவது, அவர்கள் கட்டியதைவிடக் குறைவாகவே இருக்கும். இதை மோசடி என்று நான் சொல்லவில்லை. அந்த வியாபாரத்தின் இயல்பு அதுவே. முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவு திடீரென வந்தாலும் தாங்கிக்கொள்ளக்கூடியவர், அந்த வாரண்டிப் பணத்தைத் தனியே எடுத்து வைப்பதே நலம். கார் பழுதானால் அது உதவும். பழுதாகாவிட்டால் அவர் கையிலேயே இருக்கும்.

அப்படியானால் வாரண்டி எவருக்கும் வேண்டாமா? அவ்வாறு கூற மாட்டேன். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ டீசல் என்ஜின் போன்றவை பெரிதாகப் பழுதடைந்தால் செலவு லட்சத்தையும் தாண்டக்கூடும். அத்தகைய செலவு வந்தால் கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் உள்ள குடும்பம், அந்தப் பாகங்களைப் பெயர் குறிப்பிட்டுச் சேர்த்துள்ள, தயாரிப்பு நிறுவனமே பொறுப்பேற்கும் வாரண்டியைப் பரிசீலிக்கலாம். வேறு நிறுவனம் தருவதாயின், நம் ஊருக்கு அருகில் அதன் பட்டறை எங்கே, பணம் தரும் பொறுப்பு யாருடையது என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். வாய்மொழி உறுதிக்கு மதிப்பில்லை.

மார்க்க அடிப்படையிலும் ஒரு கேள்வி உண்டு. விற்பவர் தாம் விற்ற பொருளுக்குத் தாமே தரும் உத்தரவாதமும், மற்றொரு நிறுவனம் தனியே பணம் பெற்றுத் தரும் வாக்குறுதியும் வெவ்வேறாக ஆராயப்படுபவை. பின்னதில் கரர் எனும் நிச்சயமின்மை பற்றிய வினா எழுகிறது. இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. பணம் கட்டுமுன் ஒப்பந்தத்தை ஹஜ்ரத் அவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

சகோதரர்களே! நான் சொல்லவந்த முக்கியமான செய்திக்கு வருகிறேன். எந்த வாரண்டியும் கெட்ட காரை நல்ல காராக்காது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையை மூழ்கடித்த வெள்ளங்களில் எண்ணற்ற கார்கள் நீரில் நின்றன. அத்தகைய கார் கழுவித் துடைக்கப்பட்டு எந்த ஊருக்கும் வரலாம். சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக் கறை தெரியும். இருக்கையின் கீழுள்ள தண்டவாளத்தில் துருவும், தரைவிரிப்பின் அடியில் நாற்றமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அரசின் வாகன் இணையதளத்தில் கார் எத்தனையாவது உரிமையாளரிடம் உள்ளது, கடன் நிலுவை பதிவாகியுள்ளதா என்று சரிபாருங்கள். சர்வீஸ் பதிவேட்டில் உள்ள கிலோமீட்டரையும் மீட்டர் காட்டுவதையும் ஒப்பிடுங்கள். நம்பகமான மெக்கானிக் ஒருவருக்குக் கூலி கொடுத்துக் காரை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தச் சிறு தொகை காக்கும் அளவிற்கு எந்த வாரண்டியும் காக்காது.

இதற்குப் பின்னும் ஏமாற்றப்பட்டால் வாளாவிருக்க வேண்டியதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, நாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை எனில் கட்டணம் இல்லை. சுயதொழிலாகத் தாமே ஓட்டிப் பிழைக்க வாகனம் வாங்கியவரும் இச்சட்டத்தில் நுகர்வோரே. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

இறுதியாக, விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊரில் பல கார்கள் நமக்குள்ளேயே கைமாறுகின்றன. பொருளில் உள்ள ஐபை மறைத்து விற்றால், வாங்கியவர் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை, கியாருல் ஐபு என்ற பெயரில் நம் மார்க்கச் சட்டம் நெடுங்காலத்திற்கு முன்பே வழங்கியுள்ளது. கியர்பாக்ஸில் சத்தம் வருகிறது என்று தெரிந்தால், அதை வாயால் சொல்லி, விலையைக் குறைத்து விற்றுவிடுங்கள். அவ்வாறு நாம் நடந்துகொண்டால் நமக்குள் எந்த வாரண்டித் தாளும் தேவைப்படாது.

கார் வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன் என்னை அழையுங்கள். உடல்நலம் உள்ளவரை, எந்த நாளாயினும் உடன்வந்து பார்த்துத் தரத் தயாராக உள்ளேன், இன்ஷா அல்லாஹ். தாளை மட்டும் நீங்களே படித்துவிடுங்கள். அதில் நான் தேறாதவன் என்பதை முன்பே ஒப்புக்கொண்டேன்.