சுக்கான் எழுப்பும் ஓசை

பழைய மோட்டார் வண்டியொன்றைப் பல்லாண்டு காலம் வைத்திருப்பவர் அதன் ஓசைகளோடு ஒருவாறு உறவு கொண்டுவிடுகின்றார். கதவு கிறீச்சிடும், இருக்கைக்கடியில் ஏதோ ஒன்று கலகலக்கும், பின்புறத்து வில்தகடுகள் மேடுபள்ளத்தில் முனகும். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சுக்கான் சில்லைத் திருப்பும்போது எழும் ஓசையை அவ்வாறு பொறுத்துக்கொள்ளலாகாது. அவ்வோசை எங்கிருந்து பிறக்கின்றது என்று அறியாமல் வண்டியை ஓட்டிச்செல்லும் சாரதி, தம்மை மட்டுமன்றி வீதியில் நடப்போரையும் ஆபத்துக்குள்ளாக்குகின்றார்.

இலங்கையிலே இது சிலரை மாத்திரம் தொடும் விடயமன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டபோது, இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டும் வழக்கம் வேரூன்றியது. 1990இன் பின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், சிறிதளவு பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, மண்ணெண்ணெயிலே ஓடியவை பழைய மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகளே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. ஆதலின் பழைய வண்டியைப் பேணத் தெரிந்திருப்பது இந்நாட்டில் எந்நாளும் பயன்படும் அறிவாகும்.

உதாரணத்துக்கு மொறிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இவ்வண்டி 1948இல் இலண்டன் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. இதன் சுக்கான் அமைப்பு மிக எளிது. சுக்கான் சில்லிலிருந்து இறங்கும் தண்டின் அடியில் ஒரு சிறு பற்சில்லு உண்டு. அது பற்கள் வெட்டிய கிடைத்தண்டு ஒன்றை இடமும் வலமும் தள்ளுகின்றது. கிடைத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள ரை றொட்டுகள் முன்சில்லுகளைத் திருப்புகின்றன. இவ்வளவுதான். ஆயினும் இவை யாவும் இரும்போடு இரும்பாய்ப் பொருந்தியிருப்பதால், முன்சில்லருகே பிறந்த ஓசைகூடச் சுக்கான் தண்டின் வழியே ஏறிவந்து சாரதியின் கையிலே ஒலிக்கும். சுக்கானிலே கேட்பதால் சுக்கானிலேதான் பழுது என்று எண்ணி, மேலேயே எண்ணெய் விடுபவர்கள் பலர்.

முதலில் செய்யவேண்டியது ஓசையின் தன்மையைப் பகுத்தறிதலாகும். கிறீச்சிடும் மெல்லோசை ஒன்று. 'டக்' என்று இடிக்கும் வல்லோசை மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையல்ல.

கிறீச்சொலி பெரும்பாலும் மேலேதான் பிறக்கும். மைனரின் சுக்கான் தண்டு மேல்முனையில் கம்பளித் தக்கை ஒன்றினுள்ளே சுழல்கின்றது. அத்தக்கை காய்ந்து தேய்ந்துவிட்டால் தண்டு வெளிக்குழாயில் உரசிக் கிறீச்சிடும்; சில வேளை சற்று ஆட்டமும் காணும். பழைய தக்கையை அகற்றி, எண்ணெயிலே நன்கு ஊறவைத்த புதிய தக்கையை இட்டால் தொல்லை தீரும். தண்டு கீழே இறங்கும் இடத்தில், காலடித் தகட்டிலுள்ள இறப்பர் வளையமும் இவ்வாறே சத்தமிடுவதுண்டு. இறப்பருக்கு எஞ்சின் எண்ணெய் பகை; அது இறப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். சிறிது கிளிசரின் தடவினால் போதும்.

வீட்டிலே கைக்கெட்டும் தேங்காயெண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவுக் கீலுக்கு இடுவதுபோல இதற்கும் அதை இடுவோர் உளர். அன்றைக்கு ஓசை நிற்கும். நாளடைவில் எண்ணெய் பிசினாய்த் தூசியைப் பற்றிக்கொள்ளும். நுவரெலியாவிலோ காலைக் குளிரில் உறைந்தே போகும். தலைக்கு உகந்தது எல்லாவற்றுக்கும் உகந்ததாகாது.

இனி வல்லோசை. இதுவே கவலைக்குரியது. இதைக் கண்டுபிடிக்க இருவர் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, வண்டி தரையிலே நிற்கையில், ஒருவர் சுக்கானை இரு புறமும் சிறிது சிறிதாக அசைக்கவேண்டும். மற்றவர் ரை றொட் முனை ஒவ்வொன்றின் மீதும் கையை வைத்துப் பார்க்கவேண்டும். தேய்ந்த மூட்டிலே அந்த 'டக்' கைக்குத் தெளிவாய்த் தட்டுப்படும். காதை நம்புவதிலும் கையை நம்புவது இங்கே நலம். ஓசை இரும்பு வழியே எங்கும் பரவும், அசைவோ பிறந்த இடத்தில்தான் இருக்கும்.

பின்னர் முன்சில்லை ஜாக்கியால் உயர்த்தவேண்டும். பின்சில்லுகளுக்கு அணை கொடுத்து, வண்டிக்கடியில் உறுதியான மரக்குற்றியோ தாங்கியோ வைத்தபின்பே இதனைச் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டுதல் எக்காரணத்தாலும் ஆகாது. உயர்த்திய சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்க்க ஆட்டம் தெரிந்தால், மற்றவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லவேண்டும். மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பழுது சில்லின் பெயாரிங்கில் உள்ளது. மிதித்தும் மறையாவிட்டால் பழுது ட்றனியனில் உள்ளது.

ட்றனியன் என்பது யாது? முன்சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டு மேலும் கீழும் மரை வெட்டப்பட்டது. அம்மரைகள் இரண்டு உலோகக் கட்டைகளினுள் திருகி நிற்கின்றன. இக்கட்டைகளே ட்றனியன்கள். சுக்கானைத் திருப்பும் ஒவ்வொரு வேளையும் மரை அக்கட்டையினுள்ளே சுழல்கின்றது. அந்தப் பக்கத்து முன்பாரமும் கீழ்க்கட்டையின் மரையிலேதான் தங்குகின்றது. கிறீஸ் வற்றி, மணலும் நீரும் புகுந்தால் மரை அரைபட்டுத் தேயும். முதலில் சுக்கான் கனக்கும், பின்பு முனகும், பின்பு இடிக்கும். அதையும் கவனியாது விட்டால் ஒருநாள் மரை முற்றாக அறுந்து தண்டு கட்டையை விட்டு வெளியேறும். சில்லு உள்ளே மடிந்துகொள்ள, வண்டியின் முன்மூலை தரையில் விழும். மைனர் வண்டியின் அறியப்பட்ட குறைபாடு இது. பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதே நேரும் என்பர். பாடசாலை விடும் நேரத்தில் வாசலருகே மெதுவாகத் திரும்பும் வண்டிக்கு இது நேர்ந்தால் என்னாகும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இத்தனை பெரிய கேட்டைத் தடுப்பது மிகச் சிறிய வேலை. ஆயிரம் மைலுக்கு ஒரு தடவை ட்றனியன்களின் நிப்பிள்களில் கிறீஸ் ஏற்றுவதே அது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. வண்டி தரையில் நிற்கையில் பாரம் மரையின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அப்பக்கத்துக்குக் கிறீஸ் போய்ச் சேராது. சில்லை உயர்த்தி, பாரம் நீங்கியபின் ஏற்றினால்தான் தேயும் இடத்துக்கு அது சேரும். பழைய அழுக்குக் கிறீஸ் வெளியே பிதுங்கி, புதியது தோன்றும்வரை ஏற்றவேண்டும். ஏறாவிட்டால் நிப்பிளைக் கழற்றிச் சுத்தஞ்செய்யவேண்டும். 'ஏற்றிப் பார்த்தோம், போகவில்லை' என்று விட்டுவிடுதல் கூடாது. ஏற்கெனவே தேய்ந்த மரையைக் கிறீஸ் மீட்டுத் தராது. ஓசையை மாத்திரம் சில நாள் மறைக்கும். ஆட்டம் கண்டபின் மாற்றுவதொன்றே வழி. வாங்கும்போது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உரியவை வெவ்வேறானவை என்பதை நினைவிற் கொள்ளவேண்டும்.

ரை றொட் முனை தேய்ந்திருந்தால் அதுவும் மாற்றத்தக்கதே, திருத்தத்தக்கதன்று. கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றதோ அத்தனை சுற்றிலேயே புதியதைப் பூட்டினால் சில்லுகளின் நேர் பெரிதும் மாறாது. ஆயினும் பின்னர் அளந்து பார்த்தல் அவசியம். மைனரின் முன்சில்லுகள் பின்புறத்திலும் முன்புறத்தில் 3/32 அங்குலம் நெருங்கியிருக்கவேண்டும். கிடைத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள இறப்பர் உறைகள் கிழிந்திருப்பின் எண்ணெய் வடிந்து தூசி புகும். அவற்றை மாற்றியபின்பு பற்தண்டுக்கு ஏற்றவேண்டியது தடித்த கியர் எண்ணெய், கிறீஸ் அன்று. அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் உறைகள் வெடித்துவிடும்.

ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்றவற்றில் பற்தண்டு இல்லை. சுக்கான் பெட்டி உண்டு. அதிலே எண்ணெய் குறைந்தால் முனகல் எழும். ஆட்டத்தைக் குறைக்கவெனப் பெட்டியின் திருகாணியை இறுக்குவோர் மிக எச்சரிக்கையாயிருக்கவேண்டும். பெட்டி நேராகச் செல்லும் நிலையிலேதான் அதிகம் தேய்ந்திருக்கும். அங்கே ஆட்டமற இறுக்கினால், முழுதும் திருப்பும்போது சுக்கான் இறுகி நின்றுவிடும். வளைவில் திரும்பிய வண்டி திரும்பியபடியே போகும்.

திரவ அழுத்தத்தால் சுக்கானை இலேசாக்கும் யப்பானிய வண்டிகளில், திருப்பும்போது எழும் முனகல் அனேகமாகத் திரவம் குறைந்ததன் அடையாளம். வீறிட்டால் பட்டி தளர்ந்திருக்கும். திரவத்தை நிரப்பினால் மட்டும் போதாது, எங்கே ஒழுகுகின்றதென்றும் பார்த்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் சன நடமாட்டமற்ற வெளியொன்றில் மெதுவாக ஓட்டி, சுக்கானை இரு புறமும் முழுதும் திருப்பிப் பார்க்கவேண்டும். யன்னற் கண்ணாடிகளை இறக்கி, வானொலியையும் சற்று நிறுத்தி வைத்துக் கேட்பது நல்லது. நூறு மைல் ஓடியபின் பூட்டிய சுரைகள் யாவற்றையும், அவற்றினூடு செருகிய பிளவாணிகளையும் மீண்டும் ஒரு தடவை சோதிக்கவேண்டும்.