உவர்நீரும் காய்கறித் தோட்டமும்



பள்ளேகமவிலிருந்து ஒருவன் உப்பைப் பற்றிப் பேச வருவது உங்களுக்கு வியப்பாயிருக்கலாம். மாத்தளை மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைச்சாரலை அடுத்துள்ள ஊர் அது. பழைய ஊர் 2018இல் நிரம்பத் தொடங்கிய களுகங்கை நீர்த்தேக்கத்தின் அடியிற் போய்விட்டது. நீரினால் எங்களுக்கு வந்த துன்பம் வேறு, உவர்ப்பு அன்று.

ஆயினும், முன்னர் யாழ்ப்பாணத்தில் நான் கற்பித்த மாணவர் ஒருவர், இப்பொழுது வடமராட்சியிற் கமஞ் செய்பவர், எனக்கு ஒரு கடிதம் எழுதினார். மிளகாய் நாற்று நட்டாராம். தவறாது நீர் இறைத்தாராம். மண் ஈரமாக இருக்கவே செடி வாடுகிறதாம். தோட்டத்தைக் கைவிட்டுவிடலாமா என்று கேட்டிருந்தார். நான் கலைப்பட்டதாரி, மண்ணியல் என் பாடமன்று. எனினும் மாணவன் கேட்டால் ஆசிரியன் வாளாவிருத்தல் ஆகாது. படித்தேன், அறிந்தவர்களிடம் கேட்டேன்.

ஈரத்தில் நின்றும் செடி ஏன் வாடுகிறது? பாகற்காயை அரிந்து உப்புத் தூவி வைத்தால் காயிலுள்ள நீர் வெளியே கசிவதை நம் வீட்டுப் பெண்கள் அறிவர். மண்ணில் உப்பு மிகும்போது வேரின் நிலையும் அதுவே. நீர் அருகில் இருக்கும். வேரால் அதை எளிதில் இழுக்க இயலாது. வாட்டத்தைத் தாகமென்று எண்ணி மேலும் உவர்நீரை இறைக்கிறோம். வெயில் நீரைக் கொண்டுபோகிறது, உப்பை விட்டுப்போகிறது.

யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லில் மழைநீர், கனத்த கடல்நீரின் மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே 1 அடி குறைந்தால் கீழே எவ்வளவு இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள். இயந்திரம் வைத்து ஒரே மூச்சில் இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். 2004 திசம்பரிற் கடல்கோள் வந்தபின், கிழக்குக் கரையிற் கிணறுகளைத் துப்புரவு செய்வதற்கென அளவுமீறி இறைத்த இடங்களில் இதுவே நிகழ்ந்தது. ஆகவே சிறிது சிறிதாக, இடைவிட்டு இறைக்க வேண்டும்.

பயிர்களெல்லாம் ஒரே பொறுமை உடையன அல்ல. 1977இல் அமெரிக்க அறிஞர் மாஸ், ஹொஃப்மன் இருவரும் ஓர் அட்டவணை வெளியிட்டனர். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1 டெசிசீமன்சைத் தாண்டியதும் போஞ்சியும் கரற்றும் விளைச்சல் குறையத் தொடங்கும், வெங்காயம் 1.2 வரையும், மிளகாய் 1.5 வரையும், தக்காளி 2.5 வரையும் தாங்கும். பீற்றூட் 4 வரை நிற்கும். ஆனால் முளைக்கும் பருவத்தில் அதுவும் மெலிந்ததே.

இளம்பருவமே இடர்மிக்கது. நாற்றுமேடைக்கு மட்டுமாவது மழைநீரைச் சேமித்து வைத்து ஊற்றுவது நன்று. வரம்பின் உச்சியில் உப்புப் பூக்கும். எனவே நாற்றை உச்சியில் நடாமற் சரிவில் நடுக. இலைமேற் படாமல், அடியில் நீர் விடுக. மண் முற்றாகக் காயுமுன் மறுமுறை விடுக. குழை தாழ்த்துதலும் வைக்கோலால் மூடுதலும் நம் முன்னோர் அறிந்தவை. மூடிய மண்ணில் உப்பு மேலெழுவது குறையும். இன்னொன்று: சிறுதூறல் பெய்தவுடன் மகிழ்ந்து நீரை நிறுத்திவிடாதீர்கள். அத்தூறல் உச்சியிலுள்ள உப்பைக் கரைத்து வேருக்குக் கொண்டுவந்து விடும். அன்று நீர் விட்டு அதைக் கீழே தள்ளிவிட வேண்டும்.

திருவள்ளுவர் கல்லாதவரைப் பயன்படாக் களர்நிலத்திற்கு ஒப்பிட்டார். முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் என்ற உரிமையில், அவரோடு நான் சிறிது மாறுபடுகிறேன். கல்லாதவரும் திருந்துவர், களரும் திருந்தும். ஆனால் களர் வேறு, உவர் வேறு. சோடியம் மண்ணோடு பற்றி இறுகிய களருக்கே ஜிப்சம் மருந்து. வெறும் உவர்மண்ணுக்கு அதனை மூடை மூடையாக வாங்குவது பணத்தைப் புதைப்பதாகும். மாரியில் வரம்பு கட்டி மழையைத் தேக்கிக் கழுவுவதே அதற்கு வழி.

கழுவிய நீர் வெளியேறவும் இடம் வேண்டும். எங்கள் பக்கத்து வரண்ட வலயக் குளக்கிராமங்களிற் குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே, சிங்களத்திற் கட்டக்காடுவ எனப்படும் ஒரு சோலையை விட்டிருப்பர். கட்டினூடு கசியும் உவர்நீர் வயலை அடையாமல் அங்குள்ள பள்ளமும் மரஞ்செடிகளும் அதனை வாங்கிக்கொள்ளும். காணி போதவில்லையென்று அதனை வெட்டித் திருத்தியவர்கள், எதனை வெட்டினோம் என்று பின்னரே அறிந்தார்கள்.

இவற்றையெல்லாம் மாணவருக்கு எழுதினேன். தோட்டத்தைக் கைவிடவில்லை, இவ்வருட மாரி முடிந்ததும் கிணற்றுநீரை அளந்து பார்த்து, மிளகாய்க்கு எத்தனை பாத்தி, பீற்றூட்டுக்கு எத்தனை பாத்தி என்று முடிவு செய்வதாக மறுமொழி வந்திருக்கிறது.