பழைய சிப், புதிய பாடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நான் ஒரகடம் பக்கம் ஒரு ஆலையில் டெஸ்டிங் பிரிவுப் பொறியாளர். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் லைனில் பழைய டெஸ்டிங் மெஷின் ஒன்று படுத்துவிட்டது. காரணம், ஒரே ஒரு சின்னச் சிப். "அது இப்ப வர்றதில்ல சார், புது மெஷின் வாங்கிடுங்க" என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தச் சிப் என்ன செய்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் படித்தும் இப்படியா என்று வெட்கமாகிவிட்டது.

கற்றுக்கொள்ள ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேர்ந்தெடுத்தேன்: பிபிசி மைக்ரோ. 1984ல் தொடங்கிய மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் இதுதான். மொகாலி செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதை 'யூனிகார்ன்' என்ற பெயரில் தந்தது. 1989ல் அந்த ஆலையில் பெரும் தீவிபத்து நடந்தது.

இதன் மூளையான 6502 சிப்பின் வாரிசு இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. திரையைக் கவனிக்கும் 'வீடியோ யுஎல்ஏ' சிப் இந்த மெஷினுக்காகவே செய்யப்பட்டது. அது இப்போது தயாரிப்பில் இல்லை. ஆகவே எஃப்பிஜிஏவில், அதாவது நாம் எழுதும் சுற்றாகவே மாறிக்கொள்ளும் சிப்பில், அதைத் திரும்பச் செய்யத் துணிந்தேன்.

இந்த மெஷினில் நினைவகத்தை நொடிக்கு 40 லட்சம் முறை தொடுகிறார்கள். ஒரு முறை பிராசசர், மறுமுறை திரை. ஒரே குழாயில் இரண்டு வீட்டுக்காரர்கள் முறைவைத்துத் தண்ணீர் பிடிக்கிற மாதிரி. அந்த முறையை நான் தப்பாக எழுதிவிட்டேன். திரை முழுக்கக் குப்பை! ஷிப்ட் முடிந்து வந்து பத்து ராத்திரி உட்கார்ந்த பிறகுதான் எழுத்து ஆடாமல் நின்றது. இன்று அந்தக் கம்ப்யூட்டர் முழுவதும், சின்னத் திரை, பேட்டரியோடு, ஒரு டிபன் பாக்ஸுக்குள் இருக்கிறது.

அப்புறம் ஆலையில் மூலையில் கிடந்த மெஷினுக்கு வந்தேன். சிப்பின் ஒவ்வொரு காலுக்கும் என்ன வேலை என்று சுற்றைத் தடவித் தடவி எழுதினேன். மாற்றுச் சிப் செய்தேன். இன்றும் ஓடுகிறது.

தம்பிகளே, தங்கைகளே, ஸ்ரீபெரும்புதூரில் 2006ல் திறந்த நோக்கியா ஆலை 2014ல் மூடியதை நாம் பார்த்தவர்கள். ஆலை போகலாம், நாம் புரிந்துகொண்டது நம்மோடு வரும். லேபில் உள்ள பழைய போர்டுகளைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை நான் வருகிறேன், சேர்ந்து திறந்து பார்ப்போம்.