எதிரில் ஆளில்லாத தேர்தல் யாருக்காக?

(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

தோழர்களே!

தேர்தல் நடக்கிறது என்பதாலேயே ஒரு நாட்டில் ஜனநாயகம் தழைக்கிறது என்று நாம் முடிவு கட்டிவிடலாமா? கூடாது. களத்தில் நிற்கும் கட்சிகள் எவை, நிற்காத கட்சிகள் எவை, ஏன் நிற்கவில்லை என்று முதலில் கேட்க வேண்டும். நமது அண்டை நாடான வங்கதேசத்தைப் பாருங்கள்.

1996 பிப்ரவரியில் பி.என்.பி. சர்க்கார் நடத்திய தேர்தலை அவாமி லீக் உள்ளிட்ட எதிர்க்கட்சிகள் பகிஷ்கரித்தன. அந்தப் பார்லிமெண்ட் சில நாட்களே நீடித்தது. கட்சி சார்பற்ற இடைக்காலச் சர்க்காரின் கீழ் தேர்தல் என்று சட்டம் செய்துவிட்டுக் கலைந்தது. அதே ஆண்டு ஜூனில் பிரதான கட்சிகள் யாவும் போட்டியிட்டன, ஆட்சி மாறியது.

2011ல் அவாமி லீக் சர்க்கார் அந்த ஏற்பாட்டை ரத்து செய்தது. விளைவு என்ன? 2014 ஜனவரித் தேர்தலை பி.என்.பி. பகிஷ்கரித்தது. 300 ஸ்தானங்களில் 153ல் போட்டியே இல்லை! ஓட்டுப்பெட்டி வைக்கும் முன்பே பாதிக்கு மேற்பட்ட அங்கத்தினர்கள் தயார்!

இதனால் தொழிலாளிக்கு என்ன நஷ்டம்? 2023 இறுதியில் அங்குள்ள ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மாதம் 23,000 டாக்கா குறைந்தபட்சக் கூலி கேட்டுப் போராடினார்கள். சில தொழிலாளர்கள் உயிரையும் இழந்தார்கள். நிர்ணயிக்கப்பட்டதோ 12,500. இரண்டே மாதத்தில், 2024 ஜனவரி 7ல், தேர்தல்! எதிரில் வலுவான கட்சி நின்றிருந்தால் ஆட்சியாளர்கள் கூலிக்காரனின் ஓட்டுக்கு அஞ்சியிருப்பார்கள். ஆனால் பி.என்.பி. களத்தில் இல்லை. சுயேச்சைகளாக வென்ற 62 பேரிலும் பெரும்பாலோர் ஆளும் கட்சிக்காரர்களே.

ஓட்டில் வெளிப்பட முடியாத கோபம் வீதியில் வெடித்தது. 2024 ஆகஸ்ட் 5ல் பிரதமர் ஷேக் ஹசீனா நாட்டைவிட்டே வெளியேறினார். அதற்குள் நூற்றுக்கணக்கான உயிர்கள் பலியாகிவிட்டன.

பிறகு? 2025 மே மாதத்தில் அவாமி லீக்கின் நடவடிக்கைகள் தடை செய்யப்பட்டன; தேர்தல் கமிஷன் அதன் பதிவை நிறுத்தி வைத்தது. குற்றம் புரிந்தவர்களைக் கோர்ட்டில் நிறுத்துவது நியாயமே. ஆனால் ஒரு கட்சியை மக்கள் தோற்கடிப்பது வேறு. ஓட்டுச் சீட்டிலிருந்தே அதை நீக்குவது வேறு.

தோழர்களே! ஊரில் ஒரே மில், ஒரே பண்ணை என்றால் கூலி யார் சொன்னபடி? முதலாளி சொன்னபடி, மிராசுதார் சொன்னபடி! ஓட்டுச் சீட்டில் ஒரே கட்சி என்றாலும் அதே கதிதான்.

எனவே, நமக்குப் பிடிக்காத கட்சியானாலும் அது போட்டியிடும் உரிமைக்கு நாம் குரல் கொடுப்போம். இன்று அவர்களுக்கு அடைக்கப்படும் கதவு, நாளை நமக்கும் அடைக்கப்படும்!