காற்றலையும் கைப்பேசியும்



இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு அண்மையில், ஏலத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர் சக்குபள்ளம். இம்மலைப் பகுதியில் உழைக்கும் தமிழர்க்கும், மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழர்க்கும் தாய்மொழியை நெடுங்காலம் கொணர்ந்து தந்தது வானொலி.

அந்நாளில் நிலையத்தார் குறித்த வேளையில் நாம் பெட்டியருகே இருத்தல் வேண்டும். வேலை நேரத்தில் ஒலித்த உரை நமக்குக் கிட்டாமலே போயிற்று. இன்றோ நியூஸ் ஆன் ஏர் செயலி தமிழக நிலையங்களின் ஒலிபரப்பை எம்மாநிலத்திற்கும் கொணர்கிறது. பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடரை முன்னிரவில் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொண்டால், இணையம் எட்டாத தோட்டத்திலும் மறுநாள் கேட்கலாம். 1941-இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையும் 2017-இல் வானொலி ஒலிபரப்பை முடித்துக்கொண்டது; அந்நிறுவனத்தின் தமிழ்ப் பணி இணையத்தில் தொடர்கிறது.

ஆயினும் பழைய பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடலாமா? 2018 ஆகஸ்டுப் பெருமழையில் இடுக்கியின் சாலைகள் பல நிலச்சரிவால் துண்டிக்கப்பட்டன. பலவிடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைப்பட்டன. கோபுரம் ஓய்ந்தால் இணைய ஒலிபரப்பும் ஓய்ந்துவிடும். உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலியோ, தொலைவிலுள்ள நிலையத்தின் அலை எட்டுமளவும் பேசும். ஒரு பெட்டி ஒரு லயத்துக்கே செய்தி சொல்லும்.

ஆதலின், நம் ஓய்வுக்கேற்பக் கேட்கக் கைப்பேசி இருக்கட்டும். இடர் வேளைக்கு வானொலியும் வீட்டில் இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன் மின்கலத்தை மாற்றி வைப்போமாக.