விடுமுறையும் மனச்சோர்வும்



அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை பிறக்கும் மார்கழியில் நாஞ்சில் நாடு கண்ணுக்கினிய காட்சி தருவது. வயலேலாக்களில் கும்பப்பூப் பயிர் பச்சை கட்டி நிற்கும். சுசீந்திரத்தில் தேர் ஓடும். கடற்கரை ஊர்களில் வீடுதோறும் நட்சத்திர விளக்கு ஒளிரும். ஆயினும் இந்நாட்களில் சிலருடைய உள்ளத்தை ஒருவகைச் சோர்வு பற்றிக்கொள்வதுண்டு. அதன் காரணம் யாது? அதனை எவ்வாறு எதிர்கொள்வது?

குளிர்நாடுகளில் மாரிக்காலந்தோறும் தோன்றும் சோர்வை 1984-ஆம் ஆண்டில் நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து, பருவகால மனச்சோர்வு எனப் பெயரிட்டு விளக்கினர். லண்டன் மாநகரில் டிசம்பர்ப் பகல் எட்டு மணி நேரங்கூட நீடிப்பதில்லை. ஒளி குன்றுவதே அந்நோய்க்கு முக்கியக் காரணமெனக் கருதுகின்றனர். கன்னியாகுமரியோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டுப் பாகை அளவில் உள்ளது. இங்கே ஆண்டின் நெடும்பகலுக்கும் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆகவே நம்மவர் துயரின் வேரைப் பெரும்பாலும் வேறிடத்தில்தான் தேட வேண்டும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அன்று காலை எழுந்த ஆழிப்பேரலை கொளச்சலிலும், கொட்டில்பாட்டிலும், மணக்குடியிலும் எத்தனையோ இல்லங்களை வெறுமையாக்கிச் சென்றது. 2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர் பலர் கரை திரும்பவில்லை. பண்டிகை வரும்போது அவர்கள் நினைவும் உடன் வருகிறது.

இன்று பள்ளியில் பயிலும் பிள்ளைகள் அந்தப் பேரலையைக் கண்டவரல்லர். ஆனால், விளக்கேற்றும் வேளையில் தாய் திடீரென மௌனமாவதை அவர்கள் காண்கிறார்கள். காரணம் அறியாத பிள்ளை, தானே ஏதோ பிழை செய்துவிட்டதாக எண்ணி வாடுகிறது. சொல்லப்படாத துயரம் இவ்வாறே அடுத்த தலைமுறையின் தோளில் ஏறுகிறது.

ஆதலின், முதற்கடமை பேசுவது. "அம்மா, மாமா எப்படி இருப்பார்?" என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். கண்ணீர் வரலாம், வரட்டும். மறைந்தவர் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுங்கள். நினைவுநாளில் ஊர் கூடி அஞ்சலி செலுத்துமாயின் நீங்களும் சென்று நில்லுங்கள். பலர் பகிர்ந்து சுமக்கும் துயரம் இலேசாகிறது.

விடுமுறையென்று நாளின் ஒழுங்கைக் கைவிடுதலும் சோர்வுக்கு இடந்தரும். வழக்கமான நேரத்தில் துயில் எழுங்கள். காலை வெயிலில் கடலோரமோ குளத்தங்கரையோ நடந்து வாருங்கள். நாளொன்றுக்கு ஒரு மணி நேரமேனும் படியுங்கள். தனித்திருக்கும் தோழன் வீட்டுக்கு ஒருமுறை சென்று வாருங்கள்.

இரண்டு வாரம் கடந்தும் உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றிப் போனாலோ, வாழ்வே வேண்டாமென்னும் எண்ணம் ஒருகணம் எழுந்தாலோ, தாமதியாது பெரியோரிடம் சொல்லி மருத்துவரை நாடுங்கள். 2022-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டெலிமானஸ் என்னும் அரசு மனநலச் சேவை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கிடைக்கிறது. காய்ச்சலுக்கு மருந்து உண்பதில் நாணம் இல்லையே. இதிலும் நாணம் வேண்டா.

கடலில் இழந்தவர் மீளார். அவரை நினைத்து அழுத இல்லத்தில், அதே நாளில், நட்சத்திர விளக்கும் எரியலாம். அதனை ஏற்றும் கை உங்களுடையதாகட்டும்.